பெங்களூரில் அனிமேஷன் முதலாண்டு: ஸ்கெட்ச்புக்கிலிருந்து ஒரு நிமிடப் படம் வரை

அனிமேஷன் படிக்க பெங்களூர் வந்து இறங்கியதும் பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, ஒன்றேகால் லட்சத்துக்கு லேப்டாப் வாங்குவது. இரண்டாவது வேலை, அதில் எதை வரைவது என்று தெரியாமல் மூன்று மாதம் டுடோரியல் பார்ப்பது. வருடக் கடைசியில் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்கும்போது கையில் இருப்பது பாதியில் நின்ற பதினைந்து ஃபைல்கள்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கண், பிறகு கை, அதன் பிறகு கதை, கடைசியில்தான் கணினி. கீழே உள்ளது 24 வாரத் திட்டம். கல்லூரி வகுப்புகளோடு சேர்த்து, தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். முதல் 4 வாரம் வெளியே வரைதல், 5 முதல் 9 வரை பந்து, மூட்டை, நடை. 10 முதல் 12 பாத்திரம், 13 முதல் 15 ஸ்டோரிபோர்டு (கதையைக் கட்டம் கட்டமாக வரைவது), 16 முதல் 22 படம். மிச்சம் இரண்டு வாரம் ஒலிக்கும் போர்ட்ஃபோலியோவுக்கும். லேப்டாப், டேப்லெட் தவிர்த்த செலவு ஏறக்குறைய 4,500 ரூபாய்; விலைகள் எல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும்.

1. முதல் வாரத்தில் வாங்க வேண்டியவை

காகிதமும் நோட்டுகளும் அவென்யூ ரோட்டில் மலிவு. சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

ஏ5 அளவு ஸ்கெட்ச்புக் மூன்று (ஒன்று 200 ரூபாய் போல). 2பி, 4பி பென்சில்கள், நான்கைந்து பால்பாயின்ட் பேனா, எல்லாம் சேர்ந்து 150. ஏ4 தாள் 75 ஜி.எஸ்.எம். இரண்டு ரீம், 600. எல்.இ.டி. லைட்பாக்ஸ் (அடியிலிருந்து வெளிச்சம் தரும் பலகை) ஏ4 அளவில் 900. கேமரா கீழே பார்க்கும்படி போனைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்ட் 400. போக வர, ஸ்கேன், பிரின்ட் செலவுக்கு ஆறு மாதத்துக்கும் சேர்த்து 1,500 வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான விலை உயர்ந்த தாள் வேண்டாம். நல்ல தாள் இருந்தால் கை பயப்படும்; பயந்த கை அழகாக வரைய முயலும், பார்த்ததை வரையாது.

அழிப்பானை முதல் மாதம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இனி பெக்பார். படங்களை ஒன்றன்மேல் ஒன்று அசையாமல் அடுக்க இது இல்லாமல் முடியாது. தொழில்முறை பெக்பாருக்கும் அதற்கேற்ற துளை போடும் கருவிக்கும் பணம் நிறைய ஆகும். மாணவருக்கு வீட்டுத் தயாரிப்பே போதும். ஆபீஸில் ஃபைல் போடும் சாதாரண இரட்டைத் துளை பஞ்ச், துளைகளை 8 செ.மீ. இடைவெளியில், சுமார் 6 மி.மீ. அகலத்தில் போடுகிறது. 6 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைந்த மரக்குச்சி இரண்டை அரை செ.மீ. உயரத்துக்கு வெட்டி, ஒரு பழைய ஸ்கேலின் மேல் சரியாக 8 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். அந்த ஸ்கேலை லைட்பாக்ஸின் கீழ் விளிம்பில் டேப் போட்டுவிட்டால் பெக்பார் தயார். செலவு, பஞ்சையும் சேர்த்து 200 ரூபாய்.

இதில் கெடுவது ஒரே இடத்தில். பஞ்சில் தாளை நடுவில் வைக்காமல் போட்டால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பக்கம் தள்ளி நிற்கும், ஓட்டிப் பார்க்கும்போது மொத்தப் படமும் நடுங்கும். பஞ்சில் இருக்கும் நீட்டு அளவுகோலை ஏ4 குறியில் வெளியே இழுத்து, தாளின் ஓரத்தை அதில் முட்டவைத்துப் போடுங்கள். ஒரு தடவையில் ஐந்தாறு தாளுக்கு மேல் போடாதீர்கள்.

2. வெளியே உட்கார்ந்து வரைதல்: 4 வாரம்

ஒரு நாளைக்கு இருபது படம், ஒவ்வொன்றும் முப்பது வினாடி. மூன்றே கேள்விதான்: உடம்பின் பாரம் எந்தக் காலில்? முதுகுத்தண்டு எந்தப் பக்கம் வளைகிறது? கை என்ன வேலை செய்கிறது? முகமும் விரல்களும் இப்போது வேண்டாம்.

இடம் முக்கியம். ஞாயிறு காலை கப்பன் பூங்காவுக்குள் வண்டிகள் வராது. ஓடுபவர், யோகா செய்பவர், நாயை இழுப்பவர், நாயால் இழுக்கப்படுபவர் எல்லாரும் கிடைப்பார்கள். சின்ன நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. ஈசல், டிரைபாட் என்று விரித்தால் காவலர் வருவார், அனுமதி கேட்பார். அல்சூர் ஏரிக்கரையில் மாலை நேரம் நன்றாக இருக்கும். திருவள்ளுவர் சிலை எதிரே உட்கார்ந்தால் பேச்சும் தமிழில் காதில் விழும், அது பின்னால் வசனத்துக்கு உதவும். கன்னடக் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷை திருவிழாவில் ஒரே தெருவில் நூறு விதமான உட்காரும் நிலைகள் கிடைக்கும். அந்த ஒரு மாலைக்குத் தனி நோட்டே எடுத்துப் போகலாம்.

ஆனால் ஒரே ஓர் இடம்தான் என்றால் கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தை, காலை ஆறு மணி. (ஞாயிறன்று முதல் மெட்ரோ தாமதமாகக் கிளம்பும், பஸ்ஸில் போங்கள்.) அங்கே நடுவழியில் நிற்காதீர்கள். மூட்டை சுமப்பவர்கள் நிற்கமாட்டார்கள், நிற்கவும் முடியாது. ஏதாவது ஒரு தூணை ஒட்டி நில்லுங்கள். யாரையாவது கிட்டே நின்று வரைவதானால் கேட்டுவிடுவது மரியாதை: "நிம்ம சித்ர பிடிஸ்பஹுதா?" (உங்களை வரையலாமா?) பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

அங்கே பார்க்க வேண்டியது பூக்காரம்மாவின் கை. முழம் போடும்போது (கன்னடத்தில் மொளா) முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரம் ஓட வேண்டும். வாடிக்கைக்காரருக்கு அளக்கும்போது விரல் நேராக நீளும், சரம் நுனியைத் தாண்டி அரை அங்குலம் தொங்கும். பேரம் பேசி விலையைக் குறைத்தவருக்கு அளக்கும்போது மணிக்கட்டு லேசாக உள்ளே மடங்கும், விரல்கள் குவியும், சரம் முழங்கைக்குச் சற்று மேலேயே தொடங்கும். கணக்கு அதே ஒரு முழம்தான், பூ குறைவு. வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மணிக்கட்டு அவருடைய மனசைச் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டு நிலைகளையும் பத்துப் பத்து தடவை வரையுங்கள். அடுத்த ஐந்து மாதமும் இதையே வைத்து வேலை செய்யப்போகிறோம்.

பொறி: போனில் படம் எடுத்து வந்து வீட்டில் வரைவது. போட்டோவில் அசைவு செத்துப்போயிருக்கும். பாரம் எந்தக் காலில் என்று தெரியாது. துணி மடிப்பைத்தான் நகல் எடுப்பீர்கள். ஆடை, கூடை, கடை அமைப்பு இவற்றுக்கு மட்டும் போட்டோ எடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தேதி, இடம், நேரம் எழுதுங்கள். போர்ட்ஃபோலியோவில் இது சாட்சி.

3. பந்து: 26 தாள், ஒரு ஸ்கேல்

பந்து குதிப்பதை எல்லாக் கல்லூரியிலும் கொடுப்பார்கள். பெரும்பாலோர் கண்ணளவில் வரைந்து, பந்து பலூன் மாதிரி மிதப்பதைப் பார்த்துச் சலித்துப்போவார்கள். ஸ்கேல் வைத்தால் ஒரே மாலையில் முடியும்.

கீழே விழும் பொருள், சம கால இடைவெளிகளில் 1, 3, 5, 7, 9 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் தூரம் கடக்கும். கூட்டினால் 25. ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, கீழே தரைக்கோடு போட்டு, பந்தின் அடிப்புள்ளியைத் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் வையுங்கள். அது முதல் தாள். அடுத்தடுத்த தாள்களில் அடிப்புள்ளி 24, 21, 16, 9, 0. ஆறாவது தாளில் பந்து தரையைத் தொட்டுவிட்டது.

எழும்போது உயரம் கொஞ்சம் குறையும். அதற்காக 7, 9, 12 என்று மனம் போனபடி போடாதீர்கள். அதே எண்களைத் திருப்பிப் போட்டு, பெரிய எண்ணான 9-ஐ விட்டுவிடுங்கள். அதாவது 7, 5, 3, 1. உச்சி 16 செ.மீ. மறுபடி விழும்போது 1, 3, 5, 7. அடுத்த குதி 9 செ.மீ., அதற்கடுத்து 4, பிறகு 1. மொத்தம் 26 தாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு ஃபிரேம் (ஃபிரேம் என்பது திரையில் வந்து போகும் ஒரு நிலைப்படம்) வைத்தால் 52 ஃபிரேம், வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் இரண்டு வினாடிக்குச் சற்று மேல். கடைசியில் பந்து தரையில் அசையாமல் அரை வினாடி நிற்கட்டும். பந்து ஒவ்வொரு தாளிலும் ஒரு செ.மீ. வலப்பக்கம் நகர்வதற்குத் தாளின் அகலம் பற்றாது, அரை செ.மீ. நகர்த்துங்கள்.

உயரம் கால்பங்காகக் குறைந்தால் நேரம் பாதியாகத்தான் குறையும். நிஜத்தில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 வினாடி, அதாவது 11 ஃபிரேம் ஆகும். கால் மீட்டரிலிருந்து அதில் பாதி, ஐந்தரை ஃபிரேம். (நம் தாளில் 25 செ.மீ. விழ 10 ஃபிரேம் எடுத்தோம், ஆக அதை நிஜத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று கொள்ளுங்கள்.) பந்து 'லேசாக' இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் உங்கள் கை இந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

நசுக்கலும் நீட்டலும் பற்றி இரண்டே விஷயம். பந்து தரையைத் தொட்ட தாளில் மட்டும் நசுங்க வேண்டும். தொடுவதற்கு முந்தைய தாளில் நசுங்கினால் காற்றில் மோதிய மாதிரி இருக்கும். நசுங்கினால் அகலம் கூட வேண்டும், இல்லாவிட்டால் பந்து சின்னதாகிவிட்டது போலத் தெரியும். 9 செ.மீ. பாய்ச்சலில் 3 செ.மீ. பந்து ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக் குதிக்கிறது என்று கண்ணுக்கு உறுத்தினால், தரைக்கு முந்தைய படத்தில் பந்தைப் பாதை நெடுக நீட்டுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் நடுவில் ஒரு படம் கூடச் சேர்த்து ஃபிரேமுக்கு ஒன்றாக ஆக்குங்கள்.

தாள்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடிக்கும்போது எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். 1/60-ல் விட்டால் சில எல்.இ.டி. பல்புகளின் கீழ் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலும் மேகம் நகர்ந்து அதே கதிதான்.

4. மூட்டையும் நடையும்

வெளிநாட்டுப் பாடங்களில் மாவு மூட்டை என்று வரும். நாம் 25 கிலோ அரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளலாம், பாரம் கைக்குத் தெரிந்த பொருள். கண், வாய் இல்லாமல், நான்கு மூலைகளை மட்டும் வைத்துச் சோகம், சோம்பல், கோபம் மூன்றையும் காட்டுங்கள். மூன்றுக்கும் மூன்று வினாடி வீதம். ஒரு வாரம் போதும்.

நடைக்கு இரண்டு வாரம். ஓர் அடிக்கு 12 ஃபிரேம், இரண்டு அடிக்கு 24. பாடங்களில் பாதம் தொடும் நிலை 1, தாழும் நிலை 4, கடக்கும் நிலை 7, எழும் நிலை 10 என்று இருக்கும். ஃபிரேமுக்கு ஒரு படம் வரைபவர்களுக்கான கணக்கு அது. நீங்கள் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று வரைந்தால் 4-ம் 10-ம் இரண்டு படங்களின் நடுவில் மாட்டிக்கொள்ளும். தொடுதல் 1, தாழ்தல் 3, கடத்தல் 7, எழுதல் 9 என்று மாற்றுங்கள். 5-ம் 11-ம் இடைப்படங்கள். 13-ல் மறுகால் தொடும். மொத்தம் 12 படம். 25-வது ஃபிரேமுக்குத் தனியாக வரையாதீர்கள். அது 1-ன் நகல். வரைந்து சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடுக்கல் வரும்.

சாதாரண நடை வந்ததும் மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்குபவரின் நடையைச் செய்யுங்கள். அவர் தலை மேலும் கீழும் ஆடாது, ஆடினால் சுமை சரியும். ஏற்ற இறக்கம் முழுக்க முழங்காலில் அடங்கிவிடும், அடி குட்டையாகும். தலை நேர்கோட்டில் போக, இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை நடக்கும். இந்த ஒரு நடை ரீலில் (உங்கள் சிறந்த வேலைகளின் சின்னத் தொகுப்பு வீடியோ) இருந்தால், பார்ப்பவர் நீங்கள் வெளியே போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்.

5. பாத்திர வடிவமைப்பு: 3 வாரம்

உங்கள் ஸ்கெட்ச்புக்கில் இருக்கும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பூக்காரம்மாவே இருக்கட்டும். முதலில் இருபது சின்ன வடிவங்கள், தீப்பெட்டி அளவில், முழுக் கறுப்பாக. உள்ளே ஒரு கோடும் வேண்டாம். நிழலுருவைப் பார்த்தே யார் என்று தெரிய வேண்டும். கொண்டை, இடுப்பில் செருகிய முந்தானை, மடியில் கூடை. இதில் எதை எடுத்துவிட்டாலும் ஆள் மாறிவிடுகிறாரா பாருங்கள். மாறாவிட்டால் அந்த அம்சம் வேண்டாத சுமை, ஒரு நிமிடப் படத்துக்கு அதை 250 தடவை வரைய வேண்டியிருக்கும்.

அந்தக் கணக்கை மறக்காதீர்கள். சேலையில் பூப்போட்ட கரை அழகாக இருக்கும். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கரையை நீங்கள்தான் வரையப்போகிறீர்கள். ஒற்றை நிறச் சேலை, தடித்த கரை ஒன்று, போதும். முழம் போடும் கை கதையின் நடுநாயகம், அதனால் முன்கையை நிஜத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே வைக்கலாம். வடிவமைப்பு என்பது இப்படிக் கதைக்கு எது தேவையோ அதைப் பெரிதாக்குவது.

பிறகு மாடல் ஷீட்: முன், முக்கால், பக்கம், பின் என நான்கு கோணம், தலை, தோள், இடுப்பு, முட்டி, பாதம் எல்லாக் கோணத்திலும் ஒரே கிடைக்கோட்டில். அதன் கீழே ஆறு முகபாவம், நான்கு கைநிலை. 'உயரம் நாலரைத் தலை' (தலை நீளத்தில் நாலரை மடங்கு) என்று எண்ணிலும் எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் பத்தாவது ஷாட்டில் அம்மா இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பார்.

பெங்களூர்க் கல்லூரிகளில் மாணவர் போர்ட்ஃபோலியோக்களைப் புரட்டினால் பாதியில் ஒரே ஜப்பானியக் கண், ஒரே கூர்மோவாய். அந்த பாணி பிடித்தால் வரையலாம், தப்பில்லை. நீங்கள் யாரென்று காட்ட வேண்டிய முதல் மூன்று பக்கத்தில் வைக்காதீர்கள்.

6. கதை, ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக்

ஒரு நிமிடத்துக்கு ஓர் இடம், ஓர் ஆள், ஓர் ஆசை, ஒரு தடை. அவ்வளவுதான் கொள்ளும். உலகைக் காப்பாற்றும் கதையெல்லாம் ஒரு நிமிடத்தில் டிரெய்லராகத்தான் முடியும்.

மாதிரிக்கு: மழை இருட்டும் மாலை, பஸ் ஸ்டாப். பூக்காரம்மாவிடம் மூன்று முழம் மிச்சம் (8 வினாடி). பேரம் பேசும் ஒருவருக்கு மணிக்கட்டை மடக்கி ஒரு முழம் போகிறது (12). இன்னொருவர் கையை நீட்டும்போதே பஸ் வந்து ஏறிவிடுகிறார் (12). மழை கொட்டுகிறது, எல்லாரும் ஓரம் ஒதுங்க, பள்ளிச் சிறுமி ஒருத்தி பூவையே பார்க்கிறாள், கையில் ஒற்றை நாணயம் (13). அம்மா கையை நேராக நீட்டி, சரத்தை முழங்கையில் நிறுத்தாமல் தோள்வரை கொண்டுபோய், மிச்சமிருக்கும் இரண்டு முழத்தையும் 'ஒரு முழம்' என்று அளந்து கொடுக்கிறார் (15). கூட்டினால் 60. வசனமே தேவையில்லை. மார்க்கெட்டில் பார்த்த மணிக்கட்டு இங்கே கதையாகிவிட்டது.

இதை முதலில் ஆறேழு ஒட்டுத்தாளில் தாளுக்கொரு வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு 16:9 கட்டங்களில் தீக்குச்சி மனிதர்களாக 25 முதல் 30 படம். அம்மா வலப்பக்கம் பார்த்தால் எதிரே நிற்பவர் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். கேமரா இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்ப்பதுபோல இருக்கும்.

அந்தப் படங்களை நேர அளவோடு எடிட்டிங் மென்பொருளில் அடுக்கி, வாயாலேயே சத்தம் கொடுத்து ஓட்டுங்கள். இதுதான் அனிமேட்டிக். விடுதியில் மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை விளக்காதீர்கள்; விளக்கினால் அவர்கள் படத்தைப் பார்க்கமாட்டார்கள், உங்கள் விளக்கத்தையே திருப்பிச் சொல்வார்கள். 'எதுக்குத் தோள்வரை அளந்தா?' என்று ஒருவர் கேட்டால், முதல் முழத்தை அளக்கும் ஷாட் தெளிவாக இல்லை என்று பொருள். கடைசி ஷாட்டைத் தொடாதீர்கள், முதலாவதைத் திருத்துங்கள். அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டை வெட்டினால் பத்து நிமிட நஷ்டம். வரைந்து வண்ணமிட்ட பிறகு வெட்டினால் ஒரு வாரம்.

7. இப்போதுதான் கணினி

2டி வேலைக்கு 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள இயந்திரம் போதும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படுவது 3டிக்குப் போகும்போது. எஸ்.பி. ரோட்டில் பழையது வாங்கலாம், ஆனால் ஜி.எஸ்.டி. பில்லும் எழுத்தில் வாரன்டியும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

திரையில்லாத டேப்லெட் 3,500 முதல் 7,000 வரை. பத்துக்கு ஆறு அங்குல வரைபரப்பு எடுங்கள். சின்னதில் மணிக்கட்டு மட்டும் அசையும், கோடு சுருங்கும். கடையிலேயே கிருத்தா என்ற வரையும் மென்பொருளைத் திறந்து, மெல்ல ஆரம்பித்து அழுத்தி முடியும் ஒரு கோட்டை நான்கு மூலைகளிலும் போட்டுப் பாருங்கள்.

கிருத்தா, ஓபன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம். தாளில் வரைந்து ஸ்கேன் செய்பவருக்கு ஓபன்டூன்ஸ் தோது, நேரே திரையில் வரைபவருக்குக் கிருத்தா. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கிராக் செய்த மென்பொருள் வேண்டாம். மாணவர் உரிமம் தேவையென்றால் கல்லூரி மின்னஞ்சலோ போனஃபைட் சான்றிதழோ கேட்பார்கள், முதல் மாதமே வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.

ரிசால்வில் புதிய புராஜெக்ட் தொடங்கியதும், எந்த ஃபைலையும் உள்ளே போடுவதற்கு முன், ஃபிரேம் ரேட்டை 24 ஆக்குங்கள். போட்ட பிறகு மாற்ற விடாது. 25-லோ 30-லோ ஓடினால் நீங்கள் ஸ்கேல் வைத்துப் போட்ட கணக்கெல்லாம் தடுக்கித் தடுக்கி ஓடும். ஒவ்வொரு ஷாட்டையும் தனி ஃபைலாக வைத்து, பி.என்.ஜி. வரிசையாக (ஃபிரேமுக்கு ஒரு படக் கோப்பாக) வெளியே எடுங்கள். நேரே வீடியோவாக எடுக்கும்போது நடுவில் கணினி நின்றால் முழுக்க மறுபடி, பி.என்.ஜி. என்றால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

60 வினாடி, இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 720 படம். ஏழு வாரத்தில் தனியாளாக முடியாது, முயலவும் வேண்டாம். முழம் அளக்கும் இரண்டு இடங்கள், பஸ் ஏறும் ஓட்டம், சிறுமி பூ வாங்கும் கை இவற்றுக்கு முழு அசைவு. மற்ற இடங்களில் நின்ற நிலை, கண் சிமிட்டல், நகரும் மேகம், திரும்பத் திரும்ப ஓடும் மழை. 250 படத்துக்குள் அடங்கும், நாளைக்கு ஐந்தாறு. கடினமான ஷாட்டை முதலில் செய்யுங்கள். கடைசி வாரத்துக்கு வைத்தால் படத்தின் முக்கியமான இடம்தான் மோசமாக இருக்கும்.

வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி.

8. ஒலி

சத்தங்களை நீங்களே பதியுங்கள். பஸ் கதவு, மழை, கூட்டத்தின் இரைச்சல் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். குரல் வேண்டுமானால் போர்வையைப் போர்த்திக்கொண்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் எதிரொலி போய்விடும்.

பிடித்த சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். ஏற்றியவுடன் உரிமைக்காரர் பெயரில் விளம்பரம் ஓடும் அல்லது ஒலி முடங்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் இசை எடுத்தால் உரிமத்தைப் படியுங்கள்: பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது சரி. 'மாற்றக்கூடாது' என்ற நிபந்தனை உள்ளதைத் தொடாதீர்கள், ஏனென்றால் இசையை ஓடும் படத்தோடு இணைப்பதே மாற்றம் என்றுதான் அந்த உரிமம் எடுத்துக்கொள்கிறது. தமிழ் வசனம் இருந்தால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். படத்தோடு ஒட்டியது ஒரு பிரதி, ஒட்டாதது ஒன்று, தனி ஃபைல் ஒன்று என மூன்றையும் வைத்திருங்கள்.

9. போர்ட்ஃபோலியோவும் காகித வேலைகளும்

பி.டி.எஃப். 15 முதல் 20 பக்கம், படுக்கைவாட்டில், 15 எம்.பி.க்குள். பூக்காரம்மா ஒருவரையே மார்க்கெட் ஸ்கெட்ச், நிழலுரு, மாடல் ஷீட், ஸ்டோரிபோர்டு, முடிந்த ஃபிரேம் என்று தொடர்ச்சியாகக் காட்டினால், தொடர்பில்லாத முப்பது அழகிய படங்களைவிட அது பேசும். பென்சில் படங்களை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். போன் ஸ்கேனர் செயலிகள் ரசீதுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய சாம்பல் கோட்டையெல்லாம் வெள்ளையடித்துவிடும்.

ரீல் 60 முதல் 90 வினாடி. சிறந்தது முதலில். குழு வேலையானால் எந்த ஷாட்டில் எது உங்களுடையது என்று திரையின் மூலையில் எழுதுங்கள். தோழியின் பின்னணியை உங்களுடையதாக நினைக்கவிட்டால் நேர்காணலில் ஒரே கேள்வியில் வெளிப்பட்டுவிடும். நேர்காணலும் க்ரிட்டிக்கும் (வேலையை வைத்து நடக்கும் விமர்சனம்) ஆங்கிலத்தில் நடக்கும், நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் வாயடைத்துப்போகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வாக்கியம் தயார் செய்யுங்கள்: என்ன பார்த்தேன், எதை மாற்றினேன், எது சரியாக வரவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்குப் பொதுவாகக் கேட்பவை: போனஃபைட், கல்லூரியின் ஆட்சேபனையில்லாச் சான்று, ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், மதிப்பெண் பட்டியல். பான் கார்டு இல்லாதவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். ஸ்டுடியோவில் ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானால், அங்கே செய்த ஷாட் படம் வெளியாகி, எழுத்தில் அனுமதி வரும்வரை உங்கள் ரீலில் வரக்கூடாது. ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது.

பதிப்புரிமை படைத்த கணமே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பாத்திரத்தைப் பதிவுசெய்ய விரும்பினால் ஓவியப் படைப்புக்கு 500 ரூபாய், முழுப் படமாகவே பதிவு செய்தால் 5,000. விண்ணப்பித்தபின் ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்கு முன் கல்லூரி சேர்க்கைத் தாள்களை எடுத்துப் படியுங்கள், மாணவர் படைப்பின் உரிமை யாருக்கு என்று அதில் ஒரு வரி இருக்கலாம்.

முதுகலைக்குத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு ஜனவரியில் வரும், விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு பெங்களூரிலும் வளாகம் இருப்பதால் பலர் இங்கேயே படிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்; அனிமேஷன் ஃபிலிம் டிசைன் நடப்பது அகமதாபாத்தில். ஆக, இந்த 24 வாரத்தை ஏப்ரலிலேயே தொடங்கினால்தான் அக்டோபருக்குக் கையில் ஏதாவது இருக்கும்.

போர்ட்ஃபோலியோ இணைப்பை அனுப்புவதற்கு முன் லாக்அவுட் செய்துவிட்டு, உங்களுடையதல்லாத ஒரு போனில் திறந்து பாருங்கள். 'அனுமதி கோரவும்' என்று டிரைவ் கேட்டால், பார்க்க வேண்டியவர் அனுமதி கோரமாட்டார், அடுத்த மாணவரின் இணைப்பைத் திறந்துவிடுவார்.